துயருறுவோர் என்ற வரி

மண்ணெண்ணெயும் அச்சு மையும் கலந்த வாடை. மாத்தளைப் பட்டணத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இறங்குகிற ஒடுக்கமான தெருவில், அந்தச் சின்ன அச்சகத்தைக் கடக்கும்போதெல்லாம் அது மூக்கில் ஏறும். கல்யாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிவாசல் பற்றுச்சீட்டு, எல்லாம் அங்கேதான். மரணமும் அங்கேதான். அந்த வாடை வந்தால் ஒரு மனிதர் கஞ்சி குடிப்பது என் கண்ணில் தெரியும். செத்துப்போனார் என்று ஊருக்கெல்லாம் அறிவித்த பிறகு, கட்டிலில் சாய்ந்து, கரண்டி கரண்டியாகக் கஞ்சி குடிக்கிற மனிதர்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அடக்க ஆராதனையில், ஜெபத்துக்கும் பாட்டுக்கும் நடுவே, இறந்தவரின் ஜீவிய சரிதை வாசிக்கப்படும். எங்கே பிறந்தார், எந்தத் தோட்டத்தில் வளர்ந்தார், எப்போது ஞானஸ்நானம், என்ன வேலை, என்ன நோய், மிச்சம் இருப்பது யார். ஒரே ஒரு பக்கம். பாட்டுகளோடு சேர்த்து அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுப்பார்கள். வெயில் நாளென்றால் அதுவே விசிறியும் ஆகும். அச்சகத்துக்கு நேரம் வேண்டும், பிணத்துக்கு நேரம் கிடையாது. ஆகவே நாள்பட்டுப் படுத்துவிட்டவர்களின் சரிதையை நாங்கள் முன்கூட்டியே எழுதிவிடுவோம். யாரும் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை. போதகர் ஆராதனை முடிந்து எல்லோரும் கலைகிற சந்தடியில் என் பக்கம் வந்து, "அவங்களுக்கு ஒன்னு எழுதி வைங்களேன் டீச்சர்" என்பார். நான் எழுதுவேன். இறந்த திகதிக்கு மட்டும் ஓர் இடத்தை வெறுமையாக விடுவேன். அந்த வெறுமைக்குள் அந்த மனிதர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்.

இப்படியெல்லாம் எழுதுவதற்கு எங்களிடம் ஒரு கைநூல் இருந்தது. சபைக்கு எழுதுகிறவர்களுக்கான விதிகள். நகலெடுத்து நகலெடுத்து எழுத்தின் கால்கள் தேய்ந்துபோன தாள்கள். அதைத் தொகுத்தவர் எங்கள் மாத இதழின் ஆசிரியர். இதழ் நின்று எவ்வளவோ காலம். பட்டம் நிற்கவில்லை. எல்லோருக்கும் அவர் ஆசிரியர் ஐயாதான்.

கைநூல் அவரைப் போலவே பேசும். மகிமைக்குள் பிரவேசித்தார் என்று எழுதாதே, நீ வாசலில் நின்று பார்த்தாயா? நித்திரையடைந்தார் என்று எழுதாதே, நித்திரை என்றால் யாராவது எழுப்பிப் பார்ப்பார்கள். இறந்தார் என்று எழுது. தேவன் எடுத்துக்கொண்டார் என்று எழுதினால், மற்றவர்களை ஏன் விட்டுவைத்தார் என்பதையும் நீயே எழுத வேண்டி வரும். வேத வசனத்தை எடுத்தாளும்போது பழைய சொல்லைப் புதுசாக்காதே. ஆச்சரியக்குறி அல்லேலூயாவுக்கு மட்டும், அதுவும் ஒன்று.

எனக்கு அந்த விதிகளோடு ஓயாத சண்டை. உவமை இல்லாமல் எனக்கு மூச்சு வராது. மழை என்று எழுதினால் கூடவே அதன் தாயையும் தகப்பனையும் எழுத வேண்டும் எனக்கு. அவர் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவார். "செத்தவருக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு பூ? மலர்வளையம் தனியா வருதுல்ல?"

அந்தக் கைநூலின் கடைசிப் பக்கத்தில் இருந்தது, மிச்சம் இருக்கிறவர்களைச் சொல்லும் 'துயருறுவோர்' என்ற வரிக்கான விதி. சபைக்கு வெளியே மணம் முடித்துப் போனவர்களை அந்த வரியில் சேர்க்கக் கூடாது. அவ்வளவுதான். மற்ற விதிகளில் இருந்த கேலி இதில் இல்லை. சபைக் கமிட்டி தீர்மானித்தது, அவர் எழுதினார், நாங்கள் கடைப்பிடித்தோம்.

முதலில் அது விழுந்தது ஒரு தோட்டத்து லொறி டிரைவரின் தலையில். அவருடைய மனைவி இறந்தார். ஒரே மகன், நாவுலப் பக்கத்தில் ஒரு சிங்களப் பெண்ணைக் கட்டி, அவர்கள் முறைப்படி விகாரைக்குப் போய்வந்து வாழ்ந்தான். டிரைவர் ஆசிரியரின் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அவன்தாங்க ஐயா கொள்ளி வைக்கிற மகனாட்டம் பெட்டிக்கு முன்ன நடக்கப் போறவன். பேரு மட்டும் போடுங்க." ஆசிரியர் இல்லை என்றார். ஆராதனையில் போதகர் அந்த வரியை வாசித்து முடித்த கணத்தில், பின் பெஞ்சியிலிருந்து டிரைவரின் குரல் வந்தது. "எம்மகனும் இருக்கான்." ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டுப் பலகையில் எழுதியிருந்த இலக்கத்தைப் புத்தகத்தில் தேடினோம். அதற்குப் பிறகு டிரைவர் ஆலயத்துக்கு வரவில்லை. வராமலேயே இறந்தும் போனார்.

சில வருஷம் கழித்து ஆசிரியரின் மகள் போனாள். கலேவெலயில் வெங்காயமும் மிளகாயும் மொத்தமாக வாங்கி விற்கிற ஒரு முஸ்லிம் வியாபாரியைக் கட்டிக்கொண்டு, அவருடைய மார்க்கத்துக்கும் போனாள். ஆசிரியரின் மனைவி இறந்தபோது சரிதை எழுதியது ஆசிரியரேதான். துயருறுவோர்: கணவர். மகள் அன்று வரவில்லை. சொல்லி அனுப்பினார்களா என்பதே எனக்குத் தெரியாது.

அப்புறம் அவருக்கு வயிற்றில் நோய் வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்து, மூடி, வீட்டில் வைத்துக் கவனியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். விதவையான தங்கை ஒருத்தி வந்து கூடவே இருந்தாள். வழக்கம்போலப் போதகர் என் பக்கம் வந்தார். இந்த முறை அவருக்குக் கேட்க வாய் வரவில்லை. நானே தலையாட்டினேன்.

எழுதினேன். கடைசி வரியில் நின்றுவிட்டேன். நான் எழுதுவது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பார்க்கப் போன அன்று, தலையணையைத் தூக்கி வைக்கச் சொல்லி, "எங்க, கொண்டாங்க" என்று கை நீட்டினார்.

"எதைங்க ஐயா?"

"என்னைய."

கொடுத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்தார். 'அரும்பணி ஆற்றினார்' என்பதில் அரும் என்பதை அடித்தார். 'நோயைப் பொறுமையோடு சகித்தார்' என்பதை முழுவதும் அடித்தார். "தங்கச்சியைக் கேளுங்க, பொறுமையான்னு." கடைசிக்கு வந்தார். அங்கே துயருறுவோர் என்று போட்டு நான் ஒன்றும் எழுதவில்லை.

"இங்க வந்து பேனாவுல மை தீந்து போச்சா?"

"நீங்க சொல்லுங்க ஐயா. மகளை..."

"கைநூல்ல என்னா இருக்கு?"

"இருக்குங்க ஐயா."

"அப்புறம் என்னா. சகோதரின்னு போடுங்க."

அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

போதகர் அதை அச்சகத்துக்கு அனுப்பி, தயாராக வைத்திருக்கச் சொன்னாராம். சொன்னது அச்சகக்காரரின் காதில் விழவில்லையோ, விழுந்தும் தங்கவில்லையோ. அவருக்கு ஒரு நல்ல பழக்கம்: சரிதை கைக்கு வந்தால், சிலுவையும் குத்துவிளக்கும் வைத்து ஓர் அறிவித்தல் செய்து, காசு வாங்காமல், பட்டணத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிடுவார். அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அழுகிற குரல். அடுத்ததும் அழுகிற குரல். ஈரக் கையோடு ஓடினேன்.

ஐயா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. வெளியே வந்து அச்சகக்காரரை அழைத்தேன்.

"ஐயோ டீச்சர்! திகதி இல்லாம வந்துச்சு. அழுத அவசரத்துல மறந்துட்டீங்கன்னு நெனச்சு நானே இன்னைக்குத் திகதியப் போட்டுட்டேன்."

"நான் அழவே இல்லீங்களே."

"அது எனக்கு எப்புடித் தெரியும்?"

"அழிங்க முதல்ல."

"அழிச்சிட்டேன். போனது போனதுதானே, டீச்சர். நான் என்னா செய்ய?"

கேற்றுக்கு வெளியே நின்று, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். ஒருவர் செத்த வீட்டுக்கென்று சீனியும் தேயிலையும் வாங்கி வந்திருந்தார். உயிரோடுதான் இருக்கிறார் என்று சொன்னதும் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொண்டாந்தத திருப்பிக் கொண்டுபோறது நல்லதில்ல. வச்சிக்கங்க, எப்புடியும் தேவைப்படுந்தானே." மதிலில் வைத்துவிட்டுப் போனார். நான் சிரித்தேனா, சிரிக்கவில்லையா, ஞாபகமில்லை. மலைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. பக்கத்து முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டிருந்த கராம்பு காரமாக மணந்தது. உயிர் எவ்வளவு காரமானது என்று எழுதத் தோன்றியது. அடித்துவிடுவார் என்றும் தோன்றியது.

மதியம் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. வெங்காயச் சருகு தெருவெல்லாம் பறந்தது. கறுப்பு அபாயாவில் ஒரு பெண் குதித்து இறங்கினாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே நெற்றி, அதே அகன்ற, எதையும் நம்பாத கண்கள்.

"எடுத்துட்டாங்களா அக்கா?" அவள் வீட்டு வழக்கத்தில் இறந்தவரின் ஜனாஸாவை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், சில மணி நேரத்தில் அடக்கிவிடுவார்கள். அந்தப் பயத்தில் வந்திருந்தாள். வெள்ளைக்கொடி இல்லை, கூடாரம் இல்லை, வாடகைக் கதிரைகள் இல்லை. "எல்லாம் முடிஞ்சிருச்சா? மண்ணாச்சும் காட்டுங்க அக்கா."

"இல்ல தங்கச்சி, கேளு. உள்ளதான் இருக்காரு. ஆனா..."

உள்ளே என்ற சொல்லுக்கு மேல் அவள் கேட்கவில்லை. வாசல்படியிலேயே ஓலமிட்டுக்கொண்டு நுழைந்தாள்.

ஆசிரியர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தங்கை கரண்டியை நீட்டியபடியே உறைந்தாள். மகளின் ஓலம் பாதியில் நின்று, வாய் மட்டும் திறந்திருந்தது. தாடையில் வழிந்த கஞ்சியை அவர் புறங்கையால் துடைத்தார்.

"யாரு செத்தது?"

"நீங்க" என்றாள் அவள்.

அதுவரை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. அவள் கைத்தொலைபேசியை நீட்டினாள். அவர் கண்ணாடி கேட்டார். எழுத்தை நான் பெரிதாக்கிக் கொடுத்தேன். உதடுகள் அசைய, மேலிருந்து கீழ்வரை, இதழுக்கு வந்த கட்டுரையை வாசிப்பதுபோல வாசித்தார்.

"திகதி பிழை" என்றார். "மத்ததெல்லாம் சரி."

"அண்ணே!" தங்கை கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "புள்ள வந்து நிக்குது. நீங்க பிழை பாக்குறீங்க."

மகள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். "மத்ததெல்லாம் சரியாப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு வரி விடாம வாசிச்சேன். கடைசிக்கு வந்துட்டு மறுபடி மேல போவேன், எங்கயாச்சும் விட்டுட்டேனோன்னு. அத்தை இருக்காங்க. சந்தோசம். எம்மக வீட்டுல கேட்டா, உம்மா, இதுல உங்கட பேரு எங்கன்னு. சின்ன எழுத்துல கீழ இருக்கும்னு சொல்லிட்டு வந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "பேரு கூட வேணாம். 'ஒரு மகள்'னு போடுங்க. எந்த ஊரு, என்னா மார்க்கம், ஒன்னும் வேணாம். நான் பொறந்ததாச்சும் இருக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். உதவி கேட்ட பார்வை என்று இப்போது நினைக்கிறேன். அப்போது தெரியவில்லை.

"டிரைவர் வந்து கேட்டான்" என்றார் மெதுவாக. "பொண்டாட்டி செத்த அன்னைக்கு, இந்த வாசல்லதான் நின்னான். நான் இல்லன்னேன். அவன் கோயில்ல கத்துனது இன்னும் என் காதுல இருக்கு. இன்னைக்கு என் மக வந்து கேட்டதும் சரின்னு போட்டா, அன்னைக்கு நான் அவனுக்குச் செஞ்சது என்னா?"

"பிழை" என்றாள் மகள். "அன்னைக்குச் செஞ்சது பிழைன்னு சொல்லிட்டு என்னயப் போடுங்க."

"அவன் செத்துட்டான். யாருகிட்டச் சொல்ல?"

"நான் இருக்கேன்ல? எங்கிட்டச் சொல்லுங்க."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். சுவரில் ஒன்றுமில்லை. வெள்ளையடித்து நாளான சுவர். நான் எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. திரும்பியபோது அவருடைய குரல் மாறியிருந்தது. கட்டுரைகளைத் திருப்பி அனுப்புகிற குரல். எத்தனை முறை திருத்தினாலும் நேராக வராத வாக்கியத்துக்கு அவரிடம் ஒரே வைத்தியந்தான் உண்டு.

"டீச்சர், அந்த வரிய எடுத்துருங்க."

"எந்த வரிங்க ஐயா?"

"துயருறுவோர். முழுசா."

"அத்தையையும் சேத்தா?" என்றாள் மகள்.

"ஒருத்தரைப் போட்டா இன்னொருத்தர் கேப்பாங்க. ஒருத்தரும் வேணாம். நோயோட முடிச்சிருங்க."

தங்கையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரவும் பகலும் அவருடைய மூத்திரத் துணியைக் கசக்கிக் காயப்போட்ட கைகள் கோப்பையைச் சுற்றி இருந்தன. "நல்லதுண்ணே" என்றாள். "கஞ்சி இன்னும் கொஞ்சம் கெடக்கு. ஆறிடும். குடிக்கிறீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். அவள் ஊட்டினாள்.

மகள் போர்வையை விலக்கி அவருடைய காலைப் பார்த்தாள். நகவெட்டி எங்கே என்று கேட்டாள். அவருடைய கால் நகங்கள் மஞ்சளாகி உள்ளே வளைந்திருந்தன. ஒவ்வொன்றாக, கையைக் கீழே ஏந்தி, வெட்டினாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கணவர் லொறியிலேயே இருந்தார். பிளேன்டீ கொண்டுபோனேன். "உசிரோடயா இருக்காரு?" என்றார். ஆமென்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, கோப்பைக்குள் பார்த்தார். பிறகு இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வாசல்படிவரை வந்து நின்றார்.

"சொகமா இருக்கீங்களா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"செத்துட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் ஆசிரியர். "நீங்க உக்காருங்க."

மாமனும் மருமகனும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவர் உட்காரவில்லை. கதவு நிலையில் கை வைத்தபடி நின்றார்.

ஆசிரியர் இறந்தது அடுத்த மாதம், மழை விடாத ஒரு வாரத்தில். சொன்னபடியே அந்த வரியை எடுத்துவிட்டேன். போதகர் தாளைப் பார்த்து, "இது முடியலையே டீச்சர்" என்றார். முடிந்துவிட்டது, அவர் சொன்னதுதான், என்றேன். ஆராதனையில், நோய்க்குப் பிறகு நேராகப் பாட்டு வந்தது. ஜனங்கள் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள். பின்பக்கத்தில் இன்னொரு பாட்டுதான் இருந்தது. தங்கை முதல் பெஞ்சியில் இருந்தாள். அவளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள், அவளும் வாசித்தாள்.

இப்போது அந்தக் கைநூலைத் திருத்தி எழுதும்படி சபை என்னிடம் கொடுத்திருக்கிறது. நித்திரையை மறுபடி சேர்க்கச் சொல்கிறார்கள், வீட்டார் ஆறுதல் கேட்கிறார்களாம். மகிமையையும் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாம். கடைசிப் பக்கத்து விதியை நான் யாரிடமும் கேட்காமல் எடுத்துவிட்டேன். எடுத்த இடத்தில் வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல், மேசையை ஜன்னலுக்கு மாற்றுகிறேன், ஜன்னலிலிருந்து கதவுக்கு மாற்றுகிறேன். மகள் அடக்கத்துக்கு வரவில்லை. சொல்லாமல் விட்டதல்ல. நானே அழைத்துச் சொன்னேன். "சரிக்கா" என்றாள். பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது.

அவள் வரமாட்டாள் என்பது எனக்கு முன்பே தெரியும். அந்தப் போயா நாளின் பின்னேரம், கணவர் லொறியை இயக்கிவிட்டு ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தபோது, அவள் கட்டிலருகே நின்று தலைத்துணியை இறுக்கிக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, நெசமா நடக்குற அன்னைக்கு நான் வர மாட்டேன்."

"ம்."

"கோவத்துல சொல்லல. இன்னொரு தடவ என்னால முடியாது. உங்களுக்கு அழ வேண்டியத நான் அழுது முடிச்சிட்டேன்."

அவர் கண்ணாடி இல்லாத கண்களால் அவளைத் தேடினார். "அழுதியா?"

"பல்லேபொலயில லொறிய நிப்பாட்டச் சொல்லி, எறங்கி, ரோட்டோரமாக் குந்திக்கிட்டு அழுதேன். அவரு தண்ணிப் போத்தல வச்சிக்கிட்டு நின்னாரு. பஸ்ஸுல போறவங்கல்லாம் எட்டிப் பாத்தாங்க."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான்."

அவர் கண்களை மூடிக்கொண்டார். வெட்டிய நகங்கள் உள்ள கால்கள் போர்வைக்குள் ஒன்றையொன்று தொட்டன.

"அது போதும் புள்ள" என்றார். "இருட்டுறதுக்கு முன்ன போய்ச் சேரு."